இசக்கி வாயைத் திறக்கலை

பேசக் கூடாது. சரி, பேசல. பேசாம இருக்கதுல என்ன கஷ்டம், மாடு பேசாமத்தான் நிக்கு, மரம் பேசாமத்தான் நிக்கு, ஹாஸ்டல்ல தண்ணி வரலன்னு போய்ச் சொன்னா எங்க வார்டன் கூடப் பேசாமத்தான் நிக்காவ. இந்த ஸ்டூல்ல உக்காந்து, கையை மடியில வச்சுக்கிட்டு, சுவரைப் பாத்துப் படுத்திருக்க ஆவுடையம்மா பக்கத்துல சும்மா இருக்கணும், அம்புட்டுத்தான். எங்களுக்கு மனநலப் பாடம் எடுக்குத ஜெபக்கனி மேடம் காலையில வார்டுக்குள்ள வந்ததும் வராததுமா என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லிட்டாவ: மதியம் நீ அவங்க பக்கத்துல இருக்கணும், ஒரு வார்த்தை பேசக் கூடாது, அவங்களாப் பேசினாக்கூடப் பாஞ்சு பதில் சொல்லக் கூடாது, தலையை ஆட்டினாப் போதும்னு. நர்சிங் மூணாம் வருசம் படிக்க அத்தனை பிள்ளைங்கள்ல இந்த வேலையை இந்த இசக்கிகிட்டயா குடுக்கணும்? பிறந்தப்பவே அழுகைக்குப் பதிலாப் பேசிக்கிட்டு வந்த பொம்பளப்பிள்ளைன்னு எங்க அம்மா சொல்லுவா. வாயுள்ள பிள்ளை பிழைச்சுக்கும்னு ஊரே சொல்லித்தான் என்னைப் படிக்க அனுப்பிச்சு. அந்த வாயை இப்பப் பூட்டுப் போட்டு வச்சாச்சு. அதான் எல்லாப் பேச்சும் உள்ள போய் உள்ளயே சுத்துது.

கஞ்சி டம்ளர் கட்டில் பக்கத்துக் குட்டி அலமாரி மேல மூடி போட்டு இருக்கு. அரிசிக் கஞ்சிதான், ஆஸ்பத்திரி சமையல்கட்டுல இருந்து வந்தது, இப்ப ஆறிப் போயிருக்கும். டீ வண்டி வாரதுக்குள்ள இந்தக் கஞ்சி உள்ள போகணும். டீ வண்டி வந்தா அதுக்குப் பின்னாலயே அருள்வளன் டாக்டர் ரவுண்டு வாராவ, வந்து டம்ளரைப் பாப்பாவ, நேத்து மாதிரியே ததும்பத் ததும்ப இருந்தா மூக்கு வழியா டியூப்தான். நேத்தே போட வேண்டியது, மேடம்தான் இன்னும் ஒரு நாள் பாப்போம் டாக்டர்னு கேட்டு வாங்கியிருக்காவ. டியூப்னா பாவ காரியம் இல்ல, அது உசுரக் காப்பாத்தும், போன வாரம் இன்னொரு அம்மாவுக்குப் போடும்போது நான்தான் கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். டாக்டர் எவ்வளவு பதமாப் பண்ணாவ, எவ்வளவு சொல்லிச் சொல்லிப் பண்ணாவ. ஆனா அந்த அம்மா என் கையை விடவே இல்ல. டியூப் போட்டு முடிச்சு ரொம்ப நேரம் ஆன பிறகும் விடல. ஆவுடையம்மா யார் கையையும் பிடிக்கப் போறதில்ல, அதான் எனக்குப் பயம். இவிய கை கட்டில் விளிம்புல துணி கணக்காத் தொங்கும். சாமி, இந்தக் கஞ்சி எப்படியாவது உள்ள போயிரணும்.

திங்கக்கிழமை நான் பண்ணின கூத்தைச் சொன்னாச் சிரிப்பாச் சிரிக்கும். அன்னைக்குத்தான் இவியளை எனக்குன்னு குடுத்தாவ. பாடத்துல படிச்சது எல்லாம் நாக்கு நுனியில நின்னுச்சு. நோயாளிகிட்ட எப்படிப் பேசணும், எப்படிக் கேள்வி கேக்கணும், எல்லாம் மனப்பாடம். நேராப் போய் நின்னு, செய்தி வாசிக்கவளே தோத்துப் போற மாதிரி, "அம்மா, நீங்கள் இப்போது எப்படி உணர்கிறீர்கள்?" அப்படின்னேன். எங்க ஊருல எவளாவது எவகிட்டயாவது இப்படிக் கேட்டிருக்காளா? ஆவுடையம்மா கண்ணை மட்டும் திருப்பி என்னைப் பாத்தாவ. நான் விட்டேனா? உங்கள் மனக்கவலையை என்னுடன் பகிர்ந்து கொள்ளலாம்னேன். அப்புறம் பதட்டம் வந்து சொந்தப் பாஷைக்கு வந்துட்டேன், கவலைப்படாதீங்கம்மா எல்லாம் சரியாயிரும், மகளுக்காகச் சாப்பிடுங்க, சாமிக்காகச் சாப்பிடுங்க, எனக்காகச் சாப்பிடுங்கன்னு ஒரே மூச்சு. எல்லாம் சரியாயிரும்னு மட்டும் சொல்லவே கூடாதுன்னு மேடம் வகுப்புல கரடியாக் கத்தியிருக்காவ, சரியாகும்னு உனக்கு எப்படித் தெரியும், நீ சொல்லது அவங்க சங்கடத்தை மூடி போட்டு மூடுததுன்னு. நான் மூடி மேல மூடியாப் போட்டேன். செவ்வாக்கிழமை அதைவிட மோசம். அவிய கையை எடுத்து அவிய வயித்து மேலயே வச்சு, இதோ இருக்கே வயிறு, இல்லன்னு சொல்லுதீங்களேன்னு வழக்காடினேன். அப்பத்தான் சுவரைப் பாத்துத் திரும்பினாவ. இன்னைய வரைக்கும் சுவர்தான்.

வயிறு இல்லைன்னுதான் இவிய சொல்லிக்கிட்டு வந்தாவளாம், பேச்சு நிக்கதுக்கு முந்தி. மக வடிவுதான் எல்லாத்தையும் சொன்னா, அழுதுக்கிட்டே சொன்னா. ஆவுடையம்மா பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்துல சமையல் வேலை பாத்தவிய. தலைமுறை தலைமுறையாப் பிள்ளைங்க இவிய கையால தின்னு வளந்திருக்கு. போன வருசம் ஓய்வாகி வீட்டுக்கு வந்தாவ. முதல்ல தூக்கம் போச்சாம், விடியிறதுக்கு முந்தி எழுந்து சும்மா இருட்டப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாவளாம். அப்புறம் குளிக்கல, தலை சீவல. அப்புறம் ஒரு நாள், எனக்கு உள்ள ஒண்ணும் இல்லட்டி, குடல் எல்லாம் காஞ்சு உதுந்து போச்சு, சோத்தைப் போட்டா எங்க போகும்னு கேட்டாவளாம். வீட்டுல யாருக்கும் விளங்கல. வேலை போன ஏக்கம்னு ஒருத்தி, செய்வினைன்னு ஒருத்தி, வயசாயிட்டுல்லான்னு ஒருத்தன். வடிவு மட்டும் இது சீக்குன்னு சொல்லி ஆட்டோ பிடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்திருக்கா. கெட்டிக்காரி. மேடம் அவ தோளைத் தட்டிச் சொன்னாவ, காரணம் தேடி யாரையும் குத்தம் சொல்லாதம்மா, சர்க்கரை வந்தா யார் குத்தம், அப்படித்தான் இதுவும்னு. மாத்திரை ஆரம்பிச்சாச்சு, அது வேலை செய்ய நாளாகும், அது வரைக்கும் உடம்பு தாங்கணும், உடம்பு தாங்கக் கஞ்சி போகணும். வயிறு இல்லங்குதது பொய் இல்ல, அவியளுக்கு அது நெசம். இருக்குன்னு வழக்காடவும் கூடாது, ஆமா இல்லைன்னு ஒத்துக்கிடவும் கூடாது. அப்போ என்னதான் பண்ணணும்னு நான் வகுப்புல கேட்டேன். பக்கத்துல இருன்னாவ மேடம். இதோ இருக்கேன்.

இருக்கேன், ஆனா வாய் ஊறுது. ஏதாவது சொல்லணும். ஃபேன் கடகடன்னு சத்தம் போடுதுன்னாவது சொல்லணும். ஜன்னலோரத்துக் கட்டில் அக்கா சீப்புல முடி இல்லாத இடத்தையும் சீவிக்கிட்டு இருக்காவ, அதைச் சொல்லணும். வார்டு வேலை பாக்க லூர்து அக்கா தரையைத் துடைச்சுக்கிட்டே என்னைப் பாத்து நமுட்டுச் சிரிப்புச் சிரிக்கா, என்னட்டி இன்னைக்கு நாக்கை அறுத்துட்டாவளான்னு கண்ணாலயே கேக்கா, அதுக்கு ஒரு பதிலாவது சொல்லணும். சொல்ல முடியல. தொண்டையில வந்து வந்து நிக்கு. இது சாதாரண விசயமா? ஒரு மனுசிக்குப் பேசாம இருக்க முடியலன்னா அது என்னது? அதுக்குப் பேர் இருக்கு. பாடத்துல இருக்கு. அந்தப் பக்கத்தைப் படிச்ச அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கல. எதுக்கு இப்ப அதை நினைக்கேன், கஞ்சியைப் பத்தி நினை இசக்கி, கஞ்சியைப் பத்தி நினை.

மனநலப் பாடம் ஆரம்பிச்ச முதல் வாரம் எங்க வகுப்பு மொத்தத்துக்கும் சீக்கு வந்துட்டு. இது நர்சிங் படிக்க பிள்ளைங்களுக்குன்னே உள்ள கோளாறு. என் அறைக்காரி தெய்வானை பூட்டை ரெண்டு தரம் இழுத்துப் பாப்பா, அவளுக்கு எண்ணச் சுழற்சி நோய்னு அவளே முடிவு பண்ணி அழுதா. குளிக்கும்போது தன்னால பேசுத ஒருத்திக்கு மனச்சிதைவு. லவ்வு புட்டுக்கிட்டதுல ரெண்டு நாளா இட்லி திங்காத ஒருத்திக்கு மனச்சோர்வு. போன வருசம் இதயப் பாடம் எடுத்தப்ப எல்லாருக்கும் நெஞ்சு வலிச்சதை மறந்துட்டாளுவ. எனக்கு என்ன சீக்குன்னு நான் தேட வேண்டிய அவசியமே வரல, வகுப்பே சேந்து சொல்லிட்டு: அதீத எழுச்சி, மேனியா, நிறுத்தாமப் பேசுதது முதல் அடையாளம், இசக்கி நீதான்ட்டின்னு. எல்லாரும் சிரிச்சாளுவ. நானும் சிரிச்சேன். அவளுகளுக்கு நயினார் சித்தப்பாவைத் தெரியாதுல்லா.

நயினார் சித்தப்பா எங்க அப்பாவுக்கு நேர் இளையவரு. நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போது ஒரு தரம் பேச ஆரம்பிச்சாரு, நிறுத்தல. பகல் எல்லாம் பேச்சு, ராத்திரி எல்லாம் பேச்சு, தூக்கமே கிடையாது, களைப்பே கிடையாது. ஊருக்கு ஒரு காலேஜ் கட்டப் போறேன்னாரு, இருந்த ஆட்டை எல்லாம் அவுத்துத் தெருவுல போறவியளுக்குச் சும்மா குடுத்தாரு. முதல்ல எங்களுக்கு வேடிக்கையாத்தான் இருந்துச்சு, சித்தப்பா என்னைத் தோள்ல தூக்கிக்கிட்டு ஊரைச் சுத்தினாரு. அப்புறம் பெரியவிய எல்லாம் சேந்து கையைக் காலைக் கட்டிக் கோயிலுக்குக் கொண்டு போனாவ. கோட்டி பிடிச்சுட்டுன்னாவ, பைத்தியமாம். எங்க ஊருல எல்லாத்துக்கும் அந்த ஒரே வார்த்தைதான், கோட்டி. தூங்காதவனும் கோட்டி, அழுதவளும் கோட்டி, வயிறு இல்லன்னு சொல்லுதவளும் கோட்டி. நான் வளர வளர, வாய் ஓயாமப் பேசப் பேச, ஆச்சரியப்பட்டுக்கிட்டே எங்க அத்தை சொல்லுவா, அப்படியே நயினார் பேச்சுன்னு. அத்தை அன்பாத்தான் சொல்லுதா. நான்தான் சட்டுன்னு பேச்சை மாத்திருவேன். ஒரு நாள் ஆரம்பிச்சா நிறுத்த முடியாமப் போயிருமோ? இப்பக்கூட, வாய் மூடி இருக்கு, உள்ள நிக்கவே மாட்டேங்குதே, இது அதுதானா? மேடம் இதைக் கண்டுபிடிக்கத்தான் என்னை இங்க உக்கார வச்சிருக்காவளோ? சே. சும்மா இரு இசக்கி.

மேடம் போர்டுல ஒரு கோடு போட்டாவ. ஒரு முனையில நலம்னு எழுதினாவ, மறு முனையில நோய்னு எழுதினாவ. நடுவுல எங்கயாவது சுவர் இருக்கான்னு கேட்டாவ. இல்லைன்னோம். எல்லாரும் இந்தக் கோட்டு மேலதான் நடக்கோம், ஒரு நாள் இந்தப் பக்கம், ஒரு நாள் அந்தப் பக்கம், பரீட்சை அன்னைக்கு எல்லாரும் கொஞ்சம் அந்தப் பக்கம்னாவ. அழுதா நோயா? இல்ல. பேசினா நோயா? இல்ல. எவ்வளவு, எத்தனை நாள், தூக்கத்தைக் கெடுக்குதா, சோத்தைக் கெடுக்குதா, வேலையைக் கெடுக்குதா, நிறுத்தணும்னு நினைச்சா நிறுத்த முடியுதான்னு பாக்கணும். நான் தூங்குத தூக்கத்துக்கு ஹாஸ்டல் தீப்பிடிச்சாலும் எழுப்ப முடியாது. சோறுன்னா கேக்கவே வேண்டாம். நிறுத்த முடியுதா? இந்தா, இவ்வளவு நேரமா வாய் மூடித்தானே இருக்கேன்? தொண்டை வரைக்கும் வந்தாலும் உதட்டைத் தாண்டலயே. சித்தப்பாவால அப்ப இது முடியல, பாவம், அது அவரு குத்தம் இல்ல. இன்னொண்ணும் மேடம் சொன்னாவ, நோய் இருக்கவங்களுக்கும் நலம் உண்டுன்னு. அன்னைக்கு அது எனக்குப் புரியல, இப்பச் சித்தப்பாவை நினைச்சாப் புரியுது. கோயில்ல இருந்து அம்மாதான் அவரை ஆஸ்பத்திரிக்கு மாத்திக் கொண்டு போனா. இப்ப மாத்திரை போடுதாரு, சைக்கிள் கடை வச்சிருக்காரு, காலையில கடையத் திறக்காரு, சாயங்காலம் பேரப்பிள்ளைக்கு முறுக்கு வாங்கிட்டுப் போறாரு. எங்க தெருவுலயே கடனும் சண்டையும் இல்லாத வீடு அவரு வீடுதான். அவரு கோட்டின்னா அப்ப நல்ல புத்திக்காரன் யாருன்னு எனக்குக் காட்டுங்க பாப்போம். அவரைப் போல இருக்கேன்னு சொன்னா நான் எதுக்குப் பயப்படணும்?

அட. கால் கட்டைவிரல் அசையுது. ஆவுடையம்மாவோட கட்டைவிரல். லூர்து அக்கா வாளியைத் தள்ளும்போது சத்தம் கேட்டு அசைஞ்சுச்சு. மூணு நாளாப் பக்கத்துல இருந்தும் நான் இதைப் பாத்ததில்ல, என் பேச்சுச் சத்தத்துல எனக்கே ஒண்ணும் தெரியாமப் போயிருக்கு. இவிய தூங்கல. கேட்டுக்கிட்டுத்தான் இருக்காவ. ஒவ்வொரு சத்தத்தையும் கேக்காவ. தட்டு விழுந்தா விரல் அசையுது, கதவு சாத்தினா தோள் கொஞ்சம் ஏறி இறங்குது. மணிக்கட்டுல நீளமா ஒரு தழும்பு இருக்கு, கொதிக்குத அண்டா விளிம்பு பட்டிருக்கும். எவ்வளவு பெரிய அண்டாவைத் தூக்கின கை. அய்யோ, தூரத்துல சக்கரச் சத்தம். டீ வண்டி. ஆம்பளை வார்டுல நிக்கு, அங்க குடுத்து முடிச்சா இங்கதான். கஞ்சி அப்படியே இருக்கு. ஒரு வார்த்தை சொல்லட்டா? ஒரே ஒரு வார்த்தை, குடிங்கம்மான்னு மட்டும்? மேடம் தப்பாச் சொல்லியிருந்தா? நான் இப்படிக் கல்லு மாதிரி உக்காந்திருந்து, டாக்டர் வந்து, டியூப் உள்ள போச்சுன்னா, ஒரு வார்த்தை சொல்லியிருந்தாக் குடிச்சிருப்பாவளோன்னு காலம் பூரா நினைக்க வேண்டியிருக்குமே. சொல்லிரு. வேண்டாம். திங்கக்கிழமை சொன்னியே, என்ன ஆச்சு? சுவரு. உதட்டைப் பல்லால கடிச்சுக்கிட்டேன்.

அப்பத்தான் என் வயிறு சத்தம் போட்டுச்சு. சத்தம்னா லேசான சத்தமா? வாயைக் கட்டி வயித்தைக் கட்டின்னு சும்மாவா சொன்னாவ, மதியச் சாப்பாட்டு நேரத்துலயே இங்க வந்து உக்காந்துட்டேன், காலையில தின்ன ரெண்டு தோசை எப்பவோ காணாமப் போச்சு. அடிவயித்துல ஆரம்பிச்சு, உருண்டு, நெஞ்சுக்குழி வரைக்கும் ஒரு கொரகொரப்பு. வார்டு பூரா கேட்டிருக்கும். சவத்து வயிறு, இந்த நேரம்தான் கிடைச்சுதா? கையால அமுக்கிப் பிடிச்சேன். அமுக்க அமுக்க இன்னும் ஒரு தரம், இந்தத் தடவை நீளமா, கேள்வி கேக்க மாதிரி. வாய் பேசாததுக்கும் சேத்து அது பேசுது. எனக்கு மூஞ்சி எல்லாம் சூடாயிட்டு. தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். கட்டில் கம்பி கிரீச்னுச்சு. நிமிந்து பாத்தா ஆவுடையம்மா சுவரை விட்டுத் திரும்பியிருக்காவ. என் மூஞ்சியப் பாக்கல. என் வயித்தைப் பாக்காவ.

"பசிக்கா?"

குரலா அது? துருப்பிடிச்ச கதவைத் திறந்த சத்தம். வார்டுக்கு வந்த நாள்ல இருந்து யாரும் கேக்காத குரல். வாயில ஒரு மழை வந்து நிக்கு, அம்மா பேசிட்டீங்களா, அம்மா எவ்வளவு நாளாச்சு, அம்மா அம்மா அம்மான்னு. பாயாத. தலையை ஆட்டு. ஆட்டினேன். ஆமான்னு ஆட்டினேன், பொய் இல்ல, பசிக்கத்தான் செய்யுது. அவிய முழங்கையை ஊனி எழும்பினாவ. எலும்பு தெரியுத கை, பிடிக்கப் போனேன், வேண்டாம், அவியளா எழும்பட்டும்னு நிறுத்திக்கிட்டேன். எழும்பி உக்காந்தாவ. சுத்திப் பாத்தாவ, எதையோ தேடுத மாதிரி. கண்ணு கஞ்சி டம்ளர்ல போய் நின்னுச்சு. அதை எடுத்தாவ. மூடியைத் திறந்தாவ. என் பக்கம் நீட்டினாவ.

வசமா மாட்டிக்கிட்டேன். நோயாளி சாப்பாட்டைத் தொடக் கூடாது, அது முதல் வருசமே சொல்லிக் குடுத்த விதி. வேண்டாம்னு தலையாட்டினா மறுபடியும் சுவருதான். வாங்கிக் குடிச்சா டம்ளர் காலி, இவிய வயிறும் காலி, டாக்டருக்கு என்ன பதில் சொல்ல? மேடம் கதவுப் பக்கம் நிக்காவளான்னு பாத்தேன், இல்ல. எந்தப் பாடத்துலயும் இந்தப் பக்கம் வரல. கையை நீட்டினேன், வேற என்ன பண்ண, நீட்டிட்டேன். என் விரல் டம்ளர்ல படுததுக்குள்ள அவிய சட்டுன்னு பின்னால இழுத்துக்கிட்டாவ.

"இரு பிள்ள. நான் பாக்காம உனக்குத் தர முடியாது."

சொல்லிட்டு டம்ளரைத் தன் வாய்க்குக் கொண்டு போனாவ. எனக்கு ஒரு நொடி ஒண்ணும் ஓடல, அப்புறம் எல்லாம் ஒரே நேரத்துல ஓடுச்சு, யாத்தாடி, எனக்குத் தெரியுமே இது, சத்துணவு தின்னு வளந்தவதானே நானும். எங்க பள்ளிக்கூடத்துல சமையக்கார ஆயா சோத்தை இறக்கினதும் ஹெட்மாஸ்டர் முன்னால ஒரு உருண்டை எடுத்துத் தான் முதல்ல திங்கும். நாங்க தட்டை வச்சுக்கிட்டு வரிசையில நின்னு அந்த வாயையே பாத்துக்கிட்டு இருப்போம். அது முழுங்கி, கொஞ்சம் நின்னு, சரின்னு தலையாட்டின பிறகுதான் எங்களுக்கு. பிள்ளை வாயில படுததுக்கு முந்தி சமையக்காரி வாயில படணும். எவ்வளவு வருசம், எத்தனை அண்டா, ஒரு நாள் தப்பாம இவிய பண்ணின வேலை. பசிச்ச பிள்ளை முன்னால நிக்கு, பாக்காமக் குடுக்க முடியுமா? தனக்கு வயிறு இருக்கா இல்லயாங்குதது வேற பேச்சு, அதை இப்ப யாரு கேட்டா? ஒரு மடக்கு. நான் பாத்தேன், தொண்டையில அந்த மடக்கு இறங்குததை என் கண்ணால பாத்தேன். கொஞ்ச நேரம் நாக்குல வச்சு, முழுங்கி, முகத்தைச் சுளிச்சாவ.

"உப்பே இல்ல. இதையா பிள்ளைக்குக் குடுப்பாவ?"

லூர்து அக்கா துடைப்பக் கட்டையைப் பிடிச்சபடி வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கா. கூப்பாடு போட்டிருவாளோன்னு நான் விரலை உதட்டுல வச்சு, மறு கையால உப்பு உப்புன்னு சாடை காட்டினேன். நான் ஊமைச் சாடை காட்டுத பாவனையைப் பாத்து வேற நாளா இருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பா. ஓடினா. நர்சுமாரு சாப்பிடுத அறையில இருந்து உப்பு டப்பாவையே தூக்கிக்கிட்டு வந்தா. ஆவுடையம்மா ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டு, டம்ளரைச் சுழட்டி, மறுபடி ஒரு மடக்கு குடிச்சுப் பாத்தாவ. பத்தல. இன்னும் ஒரு சிட்டிகை, இன்னும் ஒரு மடக்கு. அடியில தங்கிட்டு, நல்லாக் கலங்கலன்னாவ, அதுக்கும் ஒரு மடக்கு. எனக்குள்ள கொட்டு மேளம் ஆரம்பிச்சுட்டு. குடிங்க தாயி, பாருங்க தாயி, உப்பு கூடினாலும் பரவால்ல குறைஞ்சாலும் பரவால்ல, உங்க நாக்கு ஒத்துக்கிடவே வேண்டாம், பாத்துக்கிட்டே இருங்க. இது நோய் போனது இல்ல, அது எனக்குத் தெரியும், நாளைக்கு மறுபடியும் சுவரைப் பாக்கலாம், மாத்திரை வேலை செய்ய இன்னும் நாளாகும். ஆனா இன்னைக்குக் கஞ்சி இறங்குது. டம்ளர்ல பாதிக்குக் கீழ போயிட்டு. இன்னும் கீழ போயிட்டு. அவிய நெத்தியில வேர்வை அரும்புது, உசுருள்ள உடம்போட வேர்வை. அடியில கொஞ்சம் மிச்சம் வச்சு, திருப்தியாத் தலையை ஆட்டி, என் கையில குடுத்தாவ. விதியாவது மண்ணாவது. குடிச்சேன். ஒரே கரிப்பு. கண்ணுல தண்ணி வந்துட்டு, அது உப்பால இல்ல.

டீ வண்டி சத்தம் வாசல்ல நின்னுச்சு. பின்னாலயே அருள்வளன் டாக்டர், ஜெபக்கனி மேடம், துணி மூடின டியூப் தட்டோட ஒரு சிஸ்டர். வந்தவிய அப்படியே நின்னுட்டாவ. சுவரைப் பாத்துப் படுத்திருக்க வேண்டியவிய காலைத் தொங்கப் போட்டு உக்காந்திருக்காவ, ஸ்டூல்ல இருக்கவ வாயெல்லாம் கஞ்சியோட அழுதுக்கிட்டு இருக்கா. டாக்டர் டம்ளரைப் பாத்தாவ, என்னைப் பாத்தாவ. கஞ்சியை யாரும்மா குடிச்சதுன்னு கேட்டாவ. நான் பதில் சொல்லணும், இப்பப் பேசலாம், மேடமே பேசுன்னு கண்ணைக் காட்டுதாவ. வாயைத் திறந்தேன். என் வாழ்நாள்ல முதல் தடவையா, என்கிட்ட ஒரு வார்த்தை இல்ல. டம்ளரைப் பிடிச்சுக்கிட்டு அம்போன்னு உக்காந்திருக்கேன். ஆவுடையம்மாதான் எனக்கும் சேத்துப் பதில் சொன்னாவ.

"அந்தப் பிள்ளைய ஒண்ணும் கேக்காதீங்க டாக்டர். அதுக்குப் பேச்சு வராது, பாவம், ஊமைப் பிள்ள. பசியோட எவ்வளவு நேரமா இங்கயே உக்காந்திருக்கு, ஒருத்தர் கேக்கல. இன்னொரு டம்ளர் கொண்டாரச் சொல்லுங்க."

லூர்து அக்கா சேலைத் தலைப்பை வாயில திணிச்சுக்கிட்டு வெளிய ஓடிட்டா. ஜெபக்கனி மேடம் சுவரைப் பாத்துத் திரும்பிக்கிட்டாவ, தோள் மட்டும் குலுங்குது, சிரிக்காவளா அழுதாவளான்னு எனக்குத் தெரியல, ரெண்டும்தான்னு நினைக்கேன். டாக்டர் சிஸ்டரைப் பாத்துத் தலையை அசைச்சாவ, தட்டு வந்த வழியே திரும்பிப் போச்சு. நான், இசக்கி, வகுப்பே வாயாடின்னு பேர் வச்ச இசக்கி, ஊமைன்னு பேர் வாங்கிட்டேன், இதைவிடப் பெரிய பட்டம் எனக்கு எந்தக் காலேஜும் குடுக்கப் போறதில்ல. சித்தப்பா, கேட்டுக்கோங்க, உங்க அண்ணன் மக வாயை மூடிக்கிட்டு ஜெயிச்சுட்டா. எழுந்து நின்னு வார்டு அதிர ஒரு குலவை போடணும் போல இருக்கு. போடல. தலையை மட்டும் ஆட்டினேன்.

ரெண்டாவது டம்ளர் ஆவி பறக்க வந்துச்சு. ஆவுடையம்மா கையை நீட்டி வாங்கி, முதல்ல அவிய குடிச்சாவ.